தாய்மாமன் உறவும் தோல் நோயும்

பிறந்த குழந்தையின் தோல் மீன் செதில்போல் வெடித்திருந்தால், நம் ஊர்களில் முதலில் தேடுவது மருத்துவரையன்று, பாவத்தை. "வயிற்றில் பிள்ளையிருக்கும்போது பாம்பை அடித்தாயா? கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று பெற்றவளைக் கூண்டிலேற்றி விசாரிப்பார்கள். நாகதோஷம் என்று தீர்ப்பாகும். நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். கோயிலுக்குப் போவதோடு எனக்கு வழக்கொன்றுமில்லை. தீர்ப்பு தவறாமல் தாயின் தலையிலேயே விழுகிறதே, வழக்கு அதனோடுதான்.

நம் மேல்தோலில் புரதங்கள் செங்கல்லும் சாந்தும்போல் பிணைந்து நிற்கின்றன. அவற்றை இறுக்கிப் பிணைக்கும் நொதிக்கு டிரான்ஸ்குளூட்டாமினேஸ்–1 என்று பெயர். அதனை ஆக்கும் கட்டளை எழுதப்பட்டுள்ள மரபணுவில் பிழை நேர்ந்தால், குழந்தை மெழுகுத்தாள் சுற்றியதுபோல் பிறக்கிறது. அது உரிந்தபின் உடலெங்கும் செதில். ஏழாம் வகைக் கொல்லாஜன் மரபணுவில் பிழையென்றால், மேல்தோலை உள்தோலோடு கட்டிவைக்கும் நார் உருவாவதில்லை. தூக்கிய கை பட்ட இடமெல்லாம் கொப்புளம். பால் குடிக்கும் வாயிலும் புண்.

பெரும்பாலான மரபணுக்களில் நமக்கு இரண்டு பிரதிகள்: தந்தை தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. செதில் நோயிலும், கொப்புள நோயின் கொடிய வகையிலும், ஒரு பிரதி பழுதானால் கேடில்லை. மற்றது வேலையைச் செய்துவிடும். இரண்டும் பழுதானால்தான் நோய். ஆகவே, அக்குழந்தைக்குத் தாய் கொடுத்த அளவே தந்தையும் கொடுத்திருக்கிறார். பாம்புக்கு இதில் பங்கில்லை!

இனி நம் வழக்கத்துக்கு வருவோம். அக்காள் மகளை மணப்பது எங்களில் உண்டு என்று நான் சொன்னபோது, விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் மலையாளித் தோழி நம்பவேயில்லை. "முறப்பெண்ணு" என்ற சொல் அவர்களிடமும் உண்டு. மாமன் மகளை மணப்பது அங்கும் ஒருகாலத்தில் பெருவழக்கு. ஆனால் மாமனையே மணப்பதா? 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 28 பேர் உறவுக்குள் மணந்தவர்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மாமன்–மருமகள் மணத்தை விலக்கப்பட்ட உறவில் சேர்த்தும், வழக்கமிருந்தால் ஆகுமென்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. (எனக்கும் ஊரில் ஒரு முறைமாப்பிள்ளை உண்டு. இம்மலர் அவர் கைக்குப் போய்ச் சேராதென்று நம்புகிறேன்.)

"என் பாட்டி மாமனைத்தானே கட்டினாள்? எங்களுக்கு என்ன குறைந்தது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஏதோ ஒரு தோல் நோயின் பழுதான பிரதியை 200 பேரில் ஒருவர் மறைவாகச் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். அயலார் மணந்தால், 1,60,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அந்நோய் வரும். மாமன் மகளை மணந்தால் ஏறக்குறைய 6,200-ல் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் 3,100-ல் ஒன்று. ஐம்பது மடங்கு! ஆயினும், மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அந்நோயின்றியே பிறக்கின்றன. பாட்டி சொல்வதும் பொய்யன்று, விஞ்ஞானம் சொல்வதும் பொய்யன்று. ஒரு வீட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது.

சார்லஸ் டார்வினே இந்தக் கவலையில் கிடந்தவர்தாம். 1839இல் அவர் மணந்த எம்மா, அவருடைய தாயின் உடன்பிறந்தார் மகள். நம் கணக்கில் அசல் முறைப்பெண். பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். 1871ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கில் இத்தகைய மணங்களைப் பற்றியும் கேட்க வேண்டுமென்று அவர் முயன்றார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் மறுத்துவிட்டது. அவரே தம் நூலில் சிந்து நாட்டு இந்துக் குடும்பமொன்றைக் குறிப்பிடுகிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகச் சில. உடலில் ரோமம் மிகக் குறைவு. கோடையில் தோல் வறண்டுபோகும். பெண்களுக்கு நோயில்லை, ஆனால் அவர்கள் வழியே பேரன்மாருக்கு இறங்கியது. இந்நோய் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிழை. அதற்கும் உறவு மணத்துக்கும் தொடர்பில்லை. எல்லாப் பழியையும் முறைமணத்தின் மேல் சுமத்திவிடக் கூடாதென்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சொந்தத்தில் கட்டாமல் சொந்தச் சாதியில் கட்டினால் போதுமென்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் அரைக்கிணறுதான். 2017இல் வெளியான ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தது. அவற்றுள் 81, மிகச் சில மூதாதையரிலிருந்தே பெருகியவை. பின்லாந்து மக்களைக் காட்டிலும் குறுகிய வாசல் வழியே வந்தவை. பத்து லட்சம் பேர் கொண்ட சாதியிலும் "அயலார்" என்று நாம் எண்ணுகிறவர் தூரத்துப் பங்காளியாக இருக்கக்கூடும். சாதிக்குள்ளேயே மணந்து வந்ததன் விலையை, நோயுற்ற பிள்ளை தன் தோலால் செலுத்துகிறது.

2023இல் அமெரிக்காவில், நல்ல கொல்லாஜன் மரபணுவைப் புண்ணிலேயே சேர்க்கும் களிம்புக்கு அனுமதி கிடைத்தது. அதன் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரம். அதுவரை எட்டுவது ஒன்றுண்டு, அதைத்தான் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். இந்நோயுள்ள ஒரு பிள்ளை பிறந்த வீட்டில், அடுத்த ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. மூன்றாம் மாத அளவில் கருவைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் எந்த மரபணுவில் எந்தப் பிழை என்று முன்னரே தெரிந்திருந்தால்தான் அச்சோதனை பயன்படும். கொடிய வகையில் பிள்ளை சில நாட்களிலேயே இறந்துபோவதுண்டு. பரிகாரத்துக்கு நாள் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகையால், பிள்ளை உயிரோடிருக்கும்போதே சில சொட்டு இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தத் திருவனந்தபுரத்திலேயே எஸ்.ஏ.டி. மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்களுள் ஒன்று. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் மரபணு மருத்துவர்கள் இருக்கிறார்கள். போகும்போது கணவனும் உடன் போக வேண்டும். இரத்தம் அவரிடமும் எடுப்பார்கள்.