ஒன்றரை டன் அடியும் ஒரு கையெழுத்தும்

(மூன்றாமாண்டு வரலாற்று மாணவன்)

திரைப்படங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்றவன் அல்லன். எந்த நடிகரின் மன்றத்திலும் என் பெயர் கிடையாது. பாட்டு வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிற சாதாரணப் பார்வையாளன். மலருக்குக் கட்டுரை கேட்ட எங்கள் பேராசிரியர்கூட, "முத்துக்குளிப்பைப் பற்றி எழுதேன்" என்றுதான் சொன்னார். அதை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். 1961க்குப் பிறகு இந்தக் கடலில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்ற செய்தியை மலரில் படிக்காமல் இக்கல்லூரியை விட்டு எவரும் பட்டம் வாங்கிச் சென்றதில்லை. ஆகவே நான் கடலை விட்டுக் கரைக்கு வருகிறேன். இந்தக் கரையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெள்ளித்திரையில் பிறந்த வீரர் ஒருவர் இருக்கிறார். 'சிங்கம்' படங்களின் துரைசிங்கம்தான் அவர்.

சென்ற பருவத் தேர்வு விடுமுறையில் மூன்று 'சிங்கம்' படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்து முடித்தேன். மூன்றும் முன்பே பார்த்தவைதாம். 2010இல் முதல் படம் வந்தபோது எனக்கு ஐந்து வயது. அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தேன். 2013இல் இரண்டாவது, 2017இல் மூன்றாவது. துண்டு துண்டாகப் பார்த்தபோது தெரியாத ஒன்று, சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வெளிநாட்டு வீரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூப்பர்மேன் 1938இல் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் பிறந்தவர். அவருக்குப் பின்னால் பேட்மேன், ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் என்று ஒரு பெரிய பட்டாளமே வந்துவிட்டது. இப்போது அவர்கள் எல்லோரும் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' கடைசிப் படத்தில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். எனக்கோ கடைசி வரை விஜய் சேதுபதிதான் கேட்டாரே தவிர, அயர்ன்மேனைக் காணவில்லை. இருக்கட்டும். இந்த வீரர்களின் உடையைக் கவனியுங்கள். ஒருவருக்குச் சிவப்பு அங்கவஸ்திரம், ஒருவருக்கு வௌவால் இறக்கை, ஒருவருக்கு இரும்புச் சட்டை. அப்படி உடுத்திய ஒருவரை நம் பழைய பேருந்து நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. அவர்கள் எத்தனை பேரை அடித்தாலும் அந்த அடி கொட்டகையின் கதவோடு நின்றுவிடும்.

நம் வீரரின் உடை காக்கி. அது கொட்டகைக்கு வெளியே, தெருமுனையில், கையில் லத்தியோடு நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் அதைத் துவைத்துக் காயப்போடுகிறார். நானும் அந்த உடைக்காக விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காகக் காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடுகிறவர்களில் நானும் ஒருவன். ஆகவே காக்கியின் மேல் காழ்ப்புக் கொண்டு எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதல் படம் எனக்கு இன்றும் பிடிக்கும். துரைசிங்கம் நல்லூர் என்ற சிற்றூரின் சப்-இன்ஸ்பெக்டர். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ஊர்ச் சண்டைகளைப் பேசியே தீர்த்து வைப்பார். வேறு வழியில்லாதபோதுதான் கை நீளும். அந்தப் படத்தின் மிக நல்ல கட்டம் எது என்று நினைக்கிறீர்கள்? என்னைக் கேட்டால், சண்டைக் காட்சிகளில் ஒன்றையும் சொல்லமாட்டேன். நிபந்தனை ஜாமீனில் வந்த சென்னைப் பெரும்புள்ளி மயில்வாகனம் நல்லூர் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரோ தன் பெயரில் வேறொரு ஆளை அனுப்பிவைக்கிறார். "நீயே நேரில் வந்து போடு" என்று ஒரு சின்ன ஊர் சப்-இன்ஸ்பெக்டர் பிடிவாதமாக நிற்கிறார். அவ்வளவுதான் விஷயம். நீதிமன்றம் போட்ட நிபந்தனைக்கு யாராக இருந்தாலும் கட்டுப்பட வேண்டும் என்பதில் பிறக்கிற பகைதான் படம் முழுக்க ஓடுகிறது. பிரகாஷ்ராஜ் அந்த அவமானத்தை முகத்தில் காட்டுவதைப் பார்க்கவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

ஆனால் நாங்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது எடுத்துக்கொண்டு வந்தது அந்தக் கையெழுத்தை அன்று. ஒன்றரை டன் எடையுள்ள அந்த அடியைத்தான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் அடிக்கும்போதெல்லாம் டன் கணக்குச் சொல்லிக்கொண்டுதான் அடித்தோம். அப்பா ஓட்டுகிற குட்டியானை வண்டியின் பாரமே முக்கால் டன்தான். அப்படியானால் ஓர் அடிக்கு இரண்டு வண்டி உப்பு! துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். "இருபதடி காலி கன்டெய்னரே ரெண்டு டன்னுக்கு மேல இருக்கும்டே, உங்க சிங்கம் அதைக்கூடத் தூக்கமாட்டாரு போல" என்றார். (இயற்பியல் துறை நண்பர்கள் கணக்கோடு சண்டைக்கு வர வேண்டாம்.)

இரண்டாவது படத்தில் துரைசிங்கம் நம் தூத்துக்குடிக்கே வருகிறார். பள்ளி ஒன்றில் என்.சி.சி. ஆசிரியராக மாறுவேடத்தில் இருந்துகொண்டு கடத்தல்காரர்களைக் கண்காணிக்கிறார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் கொட்டகை அதிர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. படத்தின்படி நம் கடலில் உலகப் போதைப்பொருள் மன்னனே கப்பலில் வந்து இறங்குகிறான். வீரரும் அவனைத் தேடித் தென்னாப்பிரிக்கா வரை போகிறார். உண்மையில் நம் மன்னார் வளைகுடாவில் பிடிபடுகிற சரக்கு என்னவென்று பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்: கடல் அட்டை, பீடி இலை, சில ஆண்டுகளாக மஞ்சள். சமையல் மஞ்சளைப் படகில் கடத்துகிற கதையை யாராவது எடுத்தால் நான் முதல் நாளே டிக்கெட் வாங்குவேன்; அதில் பசியும் கடனும் கடலும் உண்டு. துரைசிங்கத்துக்கு அதெல்லாம் சின்ன விஷயம். அவர் வளர வளர எதிரியும் வளர வேண்டும்; எதிரி வளர வளர ஊர் சிறுத்துப்போக வேண்டும். நல்லூரில் அவரோடு நின்று பேசிய மனிதர்களைப் போன்ற ஒருவரையும் பின்னால் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

மூன்றாவது படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேகம், வேகம், அப்படியொரு வேகம்! யார் எங்கிருந்து எங்கே போகிறார் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ஆயினும் கதையின் கரு முக்கியமானது. ஆஸ்திரேலியாவிலிருந்து நச்சுக் கழிவுகளைக் கொண்டுவந்து கொட்டி நம் மக்களை நோயாளிகளாக்குகிறான் வில்லன். துரைசிங்கம் விசாகப்பட்டினத்துக்குப் போய் அவனை ஒழிக்கிறார். நச்சுக்கு ஆளான மக்களின் பக்கம் காக்கி நிற்கிறது. 2017 பிப்ரவரியில் இதைப் பார்த்துக் கைதட்டினோம். அடுத்த ஆண்டு, 2018 மே 22 அன்று, தாமிர உருக்காலையின் மாசுக்கு எதிராக நம் ஊர் மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாளில், ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மொத்தம் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, காவல்துறையின் மீது அது கண்ட குறைகளை நாமெல்லாரும் படித்தோம். அன்று எனக்கு வயது 13. எங்கள் தெருவில் இரண்டு நாள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

இங்கே என் நண்பன் ஒருவன் குறுக்கிடுவான். அவனும் காலையில் என்னோடு ஓடுகிறவன். அவன் கைப்பேசியில் சிங்கம்தான் உறுமும். "ஏலே, படத்தைப் பாத்துட்டா போலீஸ் அடிக்கி? 1908ல வ.உ.சி.யைப் பிடிச்சப்ப திருநெல்வேலியில சுட்டானுவளே, அன்னைக்கு எந்தச் சிங்கம் ஓடிச்சு?" என்று கேட்டான். வரலாற்று மாணவனை வரலாற்றாலேயே மடக்குவது அவன் வழக்கம். அவன் சொல்வது சரிதான். லத்திக்குச் சினிமாவைவிட வயது அதிகம். ஆனால் 1908இல் சுட்டவர்களுக்காக நம் பாட்டன்மார் யாரும் சீழ்க்கையடிக்கவில்லை. ஐதராபாத்தில் 2019 டிசம்பரில், விசாரணைக் காவலில் இருந்த நான்கு பேர் 'என்கவுன்டரில்' சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீசார் மேல் பூத் தூவினார்கள். அது திட்டமிட்டுச் சுட்டது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் சொன்னது. அதற்குள் பூ வாடிப்போயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளம். செல்போன் கடையைக் குறித்த நேரத்தில் மூடவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும், காவல் நிலையத்தில் பட்ட அடிக்குப் பிறகு அடுத்தடுத்து இறந்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் தெருவிலேயே ஒருவர், "சும்மாவா அடிப்பான்?" என்று கேட்டார். கெட்டவர் அல்லர், கோவில் கொடைக்கு முன்னால் நின்று உழைப்பவர். அந்தக் கேள்வி அவர் வாயில் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். மூன்று படங்களிலும் துரைசிங்கம் அடித்தவர்களில் ஒருவன்கூட நிரபராதியாக இருந்ததில்லை. ஆள் மாறி அடி விழுந்தது என்று ஒரு காட்சியும் இல்லை. அடி விழுந்தாலே அவன் குற்றவாளி! கதாசிரியர் நமக்கு அப்படிப் பழக்கிவிட்டார்.

இந்த இடத்தில் இயக்குநர் ஹரியைப் பாராட்ட வேண்டும். நம் மாவட்டத்துக்காரரான அவர், அதே ஜூன் மாதக் கடைசியில், காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். மூன்று 'சிங்கம்', இரண்டு 'சாமி'. வசூலான படத்துக்காக வருந்திய இயக்குநர்கள் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்? துரைசிங்கமாக நடித்த சூர்யா, அடுத்த ஆண்டு 'ஜெய்பீம்' படத்தில் காவல் நிலையத்தில் செத்துப்போன ஓர் ஏழைக்காக வாதாடும் வழக்கறிஞராக வந்தார். அதே முகம், அதே முறைப்பு. அவர் கையில் இருந்தது ஆட்கொணர்வு மனு. வடக்கேயோ 'சிங்கம்' இந்தியில் குட்டிமேல் குட்டி போட்டு, 2024இலும் மறுபடி வந்து உறுமிவிட்டுப் போயிற்று.

சாத்தான்குளத்துக்கு முன்பே, ஊரடங்கின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா உப்பு ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எந்த ஊர், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அனுமதிச் சீட்டு இருந்தது. இறங்கி வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். கெண்டைக்காலில் ஓர் அடி. அடித்தவருக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும். மீசையைத் துரைசிங்கம் மாதிரி முறுக்கி விட்டிருந்தாராம். "மீசை மட்டும் அப்படியே இருந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. அந்த வாரம் தொலைக்காட்சியில் 'சிங்கம்' போட்டார்கள். என்னை மடியில் வைத்துக்கொண்டு சீழ்க்கையடித்த மனிதர் எழுந்து வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நாங்களாகவே நிறுத்தினோம்.

ஆக, எனக்கு நம் மாவட்டத்திலிருந்தே ஒரு காக்கி வீரர் வேண்டும் என்றால் யாரைச் சொல்வேன்? சாத்தான்குளம் நிலையத்துக்கு விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், அந்த இரவில் தான் கண்டதைச் சொன்ன பெண் தலைமைக் காவலரைச் சொல்வேன். இரவு முழுவதும் அடித்தார்கள் என்று அவர் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார், கையெழுத்துப் போடத் தயங்கினார், பிறகு போட்டார். பின்னணி இசை இல்லை; பின்னால் சிங்கம் எதுவும் தோன்றவில்லை. முதல் படத்தில் எனக்குப் பிடித்ததும் ஒரு கையெழுத்துதான் என்பது மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தப் படத்தில் துரைசிங்கத்துக்குப் பின்னால் ஊரே திரண்டு நிற்கும்.

இதை நண்பனிடம் மைதானத்தில் சொன்னேன். காவலர் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் பதினைந்து விநாடி குறைய வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தவன், ஒரு சுற்று முடிந்த பிறகு கேட்டான்:

"அந்த அக்கா கையெழுத்துப் போடும்போது சுத்தி யாரெல்லாம்ல நின்னா?"

"கூட வேலை பாத்தவங்கதாம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு சுற்று பாக்கியிருந்தது.