பன்றியும் நூறு ரூபாய்ச் சட்டமும்

ஓர் அரசியல் வார இதழில் பன்றியைப் பற்றி எழுதுவதா என்று வெள்ளவத்தை அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களிற் பலரது வீட்டில் அவ்விறைச்சி அடுப்பேறுவதில்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றிலோ அஃதின்றி நத்தார் விருந்து நிறைவதில்லை. உண்பாரும் உண்ணாரும் வாழ்வது ஒரே மாநகரில். இம்மாநகரின் ஹோட்டல்கள் கழிக்கும் எச்சிலுணவு வத்தளை, ராகமை, ஜா-எல, நீர்கொழும்பு, சிலாபம் என நீளும் மேற்குக் கரையின் பன்றிப் பட்டிகள் பலவற்றுக்குத் தீனியாகப் போகிறது. தட்டிற் பன்றியைத் தொடாதவருக்கும் அதன் தொட்டியிற் பங்குண்டு.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிற் புகுந்தமை உறுதியாயிற்று. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் விசேட வர்த்தமானி வெளிவந்தது. பன்றிகளை இடம்விட்டு இடம் கொண்டு செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. 1921இல் கென்யாவில் முதன்முதல் விவரிக்கப்பட்டு, 2018இற் சீனாவை அடைந்து, பின்னர் ஆசிய நாடுகள் பலவற்றைச் சூறையாடிய நோய் இது. மனிதரை இது தொற்றாது. பன்றியைத் தொற்றினாலோ குணமாக்க மருந்தில்லை. பத்துப் பன்றி வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பம் ஒரு வாரத்தில் வெறும் பட்டியைப் பார்த்து நிற்க நேரும்.

இத்தகைய வேளைகளில் ஒரு பேச்சு எழும். திறந்த வெளியிற் பன்றி வளர்ப்பதே ஆபத்து, சீமெந்துக் கொட்டகை கட்டி அடைத்து வைக்கும் பெரும் பண்ணையே பாதுகாப்பு என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் இவ்வழக்கில் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. தெருவிலும் கடற்கரையிலும் குப்பை கிளற அவிழ்த்துவிடப்பட்ட பன்றி வேறு. சொந்தத் தென்னங்காணியில், வேலிக்குள், நிழலும் நீரும் பெற்று, பகுதி பகுதியாக மாற்றி மேய்க்கப்படும் பன்றி வேறு. முன்னதை எவரும் ஆதரிக்கவில்லை. பின்னதை முன்னதன் குற்றத்துக்காகத் தண்டிப்பது எந்த நீதி?

அப்பிராணியின் இயல்பைச் சிறிது பார்ப்போம். பன்றி வியர்த்து உடலைத் தணிக்கும் ஆற்றல் பெரிதும் அற்றது. வெய்யிலில் அது சேற்றைத் தேடுவது அழுக்கின் மீதுள்ள ஆசையால் அன்று, உயிர் காக்கும் பொருட்டு. அதன் மூக்கே அதன் கலப்பை. மண்ணைக் கிண்டிக் கிழங்கும் புழுவும் தேடுவதே அதன் பகற்பொழுது. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் சினை சுமந்த தாய், ஈனுவதற்கு முன் சருகும் வைக்கோலும் சேர்த்துக் கூடு கட்டும். மண்ணிற் பிறந்த குட்டி தனக்கு வேண்டிய இரும்புச் சத்தின் ஒரு பகுதியை மண்ணிலிருந்தே பெறுகிறது; சீமெந்துத் தரையிற் பிறந்ததற்கு அதையே ஊசியால் ஏற்ற வேண்டும். திரும்பிப் படுக்கவும் இடமில்லாத இரும்புச் சட்டத்துள் சினைப்பன்றியை மாதக்கணக்கில் நிறுத்தும் முறையைப் பிரித்தானியா 1999இலேயே தடைசெய்தது. அங்கே இனப்பெருக்கப் பன்றிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெளிநிலத்தில் வளர்கின்றன. குளிர் நாட்டுக்கு இயன்றது தென்னை நிழல் கொண்ட நாட்டுக்கு இயலாதா?

நம் சட்டப் புத்தகமோ 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டத்தில் உறைந்து நின்றது. அது வகுத்த தண்டம் 100 ரூபாய்க்கு மேற்படாது. இன்று கொட்டாஞ்சேனையில் அத்தொகைக்கு ஒரு சோற்றுப் பார்சலும் கிடையாது. சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்டமூலமொன்றை வரைந்தளித்தது. 2016 ஜனவரியில் அமைச்சரவை அதற்கு அங்கீகாரம் வழங்கியது. பின்னரும் அது சட்டமாகாமலே ஆண்டுகள் உருண்டன. ஆனால் 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவையின் இணக்கம் விரைந்து கிடைத்தது. எந்தப் பிராணி மீது கருணை காட்டினால் எந்தச் சமூகத்தின் பிழைப்பைத் தொடலாம் என்ற கணக்கு இல்லாத இடத்தில் கருணைக்கும் வேகமில்லை போலும்!

கமக்காரர் தரப்பிற் சொல்லாமல் விடக்கூடாதது ஒன்றுண்டு. மேய்ச்சல் முறைக்கும் கட்டுப்பாடு வேண்டும். 1985-86இல் அனுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பரவியபோது, நெல்வயல்களுக்கு அருகே பன்றி வளர்ப்பைப் புகுத்தியதன் கேட்டை நாடு கண்டது. வயல்நீரிற் பெருகும் நுளம்பு, கிருமியைப் பன்றியிலிருந்து மனிதனுக்குக் கொண்டு சென்றது. ஆகவே வயலோரம் பன்றிக்கு உரிய இடமன்று. காட்டுப்பன்றியும் மேற்சொன்ன காய்ச்சலுக்கு இரையாவதால், காடு அடுத்த காணிக்கு ஒற்றை வேலி போதாது. இடைவெளி விட்ட இரட்டை வேலி வேண்டும். அவ்வேலிக்குச் சிறு கமக்காரனுக்குக் குறைந்த வட்டிக் கடன் கிடைக்குமானால் கொட்டகைவாதிகளின் வாதம் பாதி சரியும். நோய் தடுக்கப் பன்றியை அழிக்கும் அதிகாரத்தை அரசு எடுக்குமிடத்து, காலந்தாழ்த்தாத நட்டஈடும் உடன்வர வேண்டும். ஈடு இல்லையெனில் நோயுற்ற பன்றி இரவோடிரவாகக் கைமாறும். நோயும் அதனோடு ஊர் மாறும்.

எச்சிலுணவுக்கு வருவோம். நோயுற்ற பன்றியின் இறைச்சித் துணுக்கு ஒன்று வேகாமல் தொட்டியில் விழுந்தாற் போதும். 2001இல் பிரித்தானியாவைக் கலக்கிய கோமாரி நோய், காய்ச்சாத எச்சிலுணவு ஊட்டிய ஒரு பன்றிப் பண்ணையிலிருந்தே பரவியது. அவ்வாண்டே அந்நாடு அத்தீனியை அறவே விலக்கியது. இங்கே உடனே விலக்கினால் சிறு பட்டிகள் பட்டினி கிடக்கும். உலக விலங்கு சுகாதார அமைப்பு கூறும் வழி, 90 பாகை செல்சியசில் 60 நிமிடம் இடைவிடாது கிளறிக் காய்ச்சுவது. இதை ஒவ்வொரு குடிசையின் அடுப்பிலும் எதிர்பார்ப்பது வீண். கழிவைப் பிறப்பிப்பது மாநகரம். கொப்பரையையும் மாநகரமே வைக்கட்டும். ஹோட்டலிலிருந்து கழிவு ஏற்றும் ஒவ்வொரு வண்டியும் அக்கொப்பரை வழியே செல்ல வேண்டுமென மாநகர சபை உபவிதியொன்று இயற்ற வேண்டும். அதை வரைந்து கொடுக்க வெள்ளவத்தையில் நியாயவாதிகளுக்குப் பஞ்சமில்லை. வேலியின் அளவையும் மேய்ச்சலின் முறையையும் எழுதிக் கொடுக்க மிருக வைத்தியர்களும் நம்மிடையே உளர். விறகுச் செலவை எவர் ஏற்பது என்பதே எஞ்சும் வழக்கு. அதை ஹோட்டல்களின் மீது சுமத்துவதே நியாயம் என்பது நம் கட்சி.