ஒன்பது பேரில் ஒருவன்



நோயிலிருந்து நலம்பெற்று நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்க வருவோரிடம், சில ஆண்டுகளாக நான் ஒரு கேள்வி கேட்டு வருகிறேன்: “மருத்துவமனையில் உங்களைக் கவனித்துக்கொண்டவர் பெயர் என்ன?” டாக்டரின் பெயரைத் தயங்காமல் சொல்வார்கள். “உங்கள் படுக்கையைத் துடைத்தவர் பெயர்?” என்று மீண்டும் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர்களைக் குறைகூறுவதற்காக இக்கேள்வியை நான் கேட்பதில்லை. இதற்கு விடை தெரியாமல் விழித்தவர்களில் நானும் ஒருவன்.

2018-ஆம் ஆண்டு, ஐப்பசி மாத அடைமழை. கிளைக் கிராமத்தில் சாகுந்தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டிக்கு நோயில் பூசுதல் அளித்துவிட்டுத் திரும்புகையில், பாலத்தருகே என் வண்டி சறுக்கியது. வலது தொடை எலும்பு முறிந்தது. வழிப்போக்கர் இருவர் என்னை மழையில் நனையவிடாமல் காத்திருந்து, ஆம்புலன்சில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினர். எலும்புக்குள் கம்பி செலுத்தி அறுவை செய்தார்கள். பத்தொன்பது நாட்கள் அந்தப் பொது வார்டில் கிடந்தேன்.

வலியைத் தாங்கிக்கொண்டேன், வெட்கத்தைத்தான் தாங்க இயலவில்லை. தாழ்ச்சியைப் பற்றி இருபது ஆண்டுகள் மறையுரை ஆற்றியவன், இயற்கைக் கடனைக் கழிப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தேன். முதல் நாள் இரவு, வேண்டாம் வேண்டாமென்று நான் அடக்கிக்கொண்டிருப்பதைக் கண்ட வார்டு ஆயாம்மா அருகில் வந்து, “எங்கிட்ட என்ன வெக்கம் சாமி? நாலு புள்ளைய வளத்தவ நான்” என்றார். அவ்வளவுதான். தட்டை வைத்தார், எடுத்தார், வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தார், போர்வையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அசையாமல் படுத்திருப்பவருக்கு உடற்பாரம் ஒரே இடத்தில் அழுந்தி, அங்கே இரத்த ஓட்டம் குன்றி, தோல் வெந்து புண்ணாகிவிடும். கத்தி செய்த நன்மையைப் படுக்கைப் புண் கெடுத்துவிடக்கூடும். ஆதலால் நோயாளியை அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவேண்டும். முதுகையும் குதிகாலையும் ஈரமின்றி வைக்கவேண்டும். செவிலியர் சொல்லித் தந்தபடி இவையனைத்தையும் அந்த அம்மையார் செய்தார். எனக்கு அடுத்த கட்டிலில், பார்க்க வருவார் எவருமற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவரையும் அதே கை, அதே பொறுமையோடு திருப்பியது. நான் குரு என்பதற்காக எனக்கு ஒரு கூடுதலும், அவர் நாதியற்றவர் என்பதற்காக அவருக்கு ஒரு குறைவும் அந்தக் கையில் இல்லை.

வீடு திரும்பும் நாளில் பங்கு மக்கள் வந்தனர். டாக்டருக்குச் சால்வை அணிவித்தோம். செவிலியர்க்கு இனிப்பும் பழமும் கொடுத்தோம். ஆயாம்மாவுக்கு அன்று பணி இல்லை. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று புறப்பட்டுவிட்டேன்.

அந்தப் “பிறகு” வர ஐந்து மாதமாயிற்று. கைத்தடியின்றி நடக்கத் தொடங்கிய பின், ஒரு சேலை வாங்கிக்கொண்டு அந்த வார்டுக்குப் போனேன். அவரைக் காணவில்லை. பணியிலிருந்த செவிலியரிடம் கேட்டேன். “ஒப்பந்த வேலையில் இருந்தவர்கள் பலர் மாறிவிட்டார்கள், ஃபாதர். அவங்க பேரு என்ன?” என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். பத்தொன்பது நாட்கள் என் உடலைக் கழுவியவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. சேலையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆண்டவர் பத்துத் தொழுநோயாளரைக் குணமாக்கியதையும், அவர்களுள் சமாரியர் ஒருவர் மட்டுமே திரும்பி வந்ததையும் லூக்கா நற்செய்தியாளர் எழுதியிருக்கிறார். அப்பகுதியை வைத்து எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவர் பக்கமே நின்று பேசினேன். மற்ற ஒன்பது பேரும் கொடியவர்கள் அல்லர். என்னைப்போல், “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றிருந்தவர்களாக இருக்கலாம்.

அப்படியானால் உரியவரைத் தேடிக் காணமுடியாத நன்றியை எங்கே செலுத்துவது? இதற்கு வேலூரில் ஒரு விடை உண்டு. கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராய் இருந்தபோது, 1954-ஆம் ஆண்டு வாகன விபத்தில் சிக்கினார். முகம் கிழிந்தது, முதுகுத்தண்டு பழுதுபட்டு, கால்கள் செயலிழந்தன. உடன் பணியாற்றியவர்களே அவரைப் பேணினர். தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் ஊக்கமூட்ட, சக்கர நாற்காலியிலிருந்தே அவர் அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். தம்மைப்போல் முதுகுத்தண்டு முறிந்தோர் மீண்டும் வாழப் பழகுவதற்கான நிலையம் 1966-இல் வேலூரில் அவரது முயற்சியால் எழுந்தது. 1972-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் இறைவனடி சேர்ந்தார். தாம் பெற்ற பராமரிப்பை, அதைப் பெறாதவர்களுக்குக் கொடுத்தே அவர் நன்றி தீர்த்தார்.

நம்மால் நிலையம் கட்ட இயலாது. இரண்டு காரியங்கள் செய்ய இயலும். முதலாவது, மருத்துவமனையை விட்டு வருமுன் நம்மைத் துடைத்தவர், தூக்கியவர், வண்டியில் தள்ளிச் சென்றவர் ஆகியோரின் பெயரைக் கேட்டறிவோம். வீட்டுச் செபத்தில் அப்பெயரைச் சொல்வோம். இரண்டாவது, குணமானபின் ஒருமுறை அந்த வார்டுக்கு நம் காலால் நடந்து போவோம். அங்கே பணிபுரிவோர் நாம் தூக்கி வரப்படுவதையும் படுத்துக் கிடப்பதையுமே பார்க்கிறார்கள். நாம் நடப்பதைப் பார்க்கும் பேறு அவர்களுக்கு அரிது. சால்வையைவிட அந்தக் காட்சியே அவர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

அந்தச் சேலையை, அதே வார்டில் அன்று தரை துடைத்துக்கொண்டிருந்த வேறொரு அம்மையாரிடம் கொடுத்துவிட்டேன். “எதுக்கு சாமி?” என்று கேட்டார். முதலில் அவர் பெயரைக் கேட்டேன். அதன் பிறகே காரணம் சொன்னேன்.