கதவுக்குப் பளபளப்பு வேண்டாம், எண்ணெய் ஊறட்டும்

பம்புசெட்டு அறைக்குக் கதவு போடும் விவசாயி, ஆசாரியிடம் மரத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார். வேம்பா, வாகையா, வைரம் பாய்ந்த மரமா என்றெல்லாம் தட்டிப் பார்க்கிறார். ஆனால் அதன் மேல் எதைப் பூசுவது என்று வரும்போது, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டப்பாவை மறுபேச்சில்லாமல் வாங்கி வந்துவிடுகிறார். நாலைந்து ஐப்பசி மழை போவதற்குள் அடிப்பலகை இற்றுவிடுகிறது. பழி மரத்தின் மீது விழுகிறது.

வயலில் நிற்கும் மரத்துக்கு வெயில், மழை என்று இரண்டு பகை. மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும். பழைய பலகை சாம்பல் நிறமாகிப் பூம்பூவாக உதிர்வது இதனால்தான். மழையில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். மேலே கெட்டியான தோலாகப் படிந்த வார்னிஷும் எனாமலும் நாளாக ஆக இறுகிப்போவதால், இந்த இழுப்புக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கின்றன. வெடிப்பு வழியே நீர் இறங்குகிறது. இறங்கிய நீர் சுலபமாக வெளியேற வழியில்லை. மேலே பளபளப்பு, உள்ளே புழுக்கம். பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

பிரைமர் அடித்து, வெடிப்பு கண்டவுடன் சுரண்டி மறுபூச்சு அடிப்பவருக்கு எனாமல் குற்றமில்லை. நடவும் களையும் கிடக்க, மோட்டார் ரூம் கதவைச் சுரண்ட நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே தோலாகப் படியும் பூச்சு நமக்கு வேண்டாம், மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சே போதும் என்பது என் கருத்து. அது வெடித்து உரியாது, மெல்ல மங்கும். மங்கிய இடத்தைத் துடைத்துவிட்டு மேலேயே மறுபடி பூசலாம்.

கடையில் 'சீலர்' என்று கேட்டால் பெரும்பாலும் சேண்டிங் சீலரைத் தருவார்கள். அது மேஜை, பீரோ போன்ற வீட்டுச் சாமான்களுக்கானது. அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷும் மெலமைனும் அப்படித்தான். மழையில் நிற்கும் கதவுக்கு ஆகாது. டப்பாவில் 'வெளிப்புற உபயோகத்துக்கு' என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நிறமில்லாத பூச்சும் வேண்டாம். வெயில் அதை ஊடுருவி மரத்தைத் தொட்டுவிடும். ஸ்பிரிட்டில் கரையும் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். காவி போன்ற மண் நிறமிதான் வெயிலை மறிக்கும். நம் பெரியவர்கள் எண்ணெயில் காவி குழைத்துப் பூசியது அழகுக்கு மட்டுமல்ல.

விலை கூடிய டப்பா கட்டாது என்றால், பெயிண்ட் கடையில் 'டபுள் பாயில்ட்' என்று கேட்டு ஆளிவிதை எண்ணெய் வாங்கலாம். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. கொஞ்சம் காவி நிறமி சேர்த்துக் குழைக்க வேண்டும். பூசிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, டர்பன்டைனைக் குறைத்து இன்னும் இரண்டு பூச்சு. பலகையின் முகத்தைவிட அறுத்த முனைதான் பல மடங்கு நீரைக் குடிக்கும். கதவின் அடிமுனை, நிலைக்காலின் தரை ஓரம், ஆணித் துளை இவற்றுக்கு எண்ணெய் குடிக்கிற வரை கொடுங்கள். கதவைக் கழற்றாமல் அடிமுனைக்குப் பூச முடியாது. மாட்டுவதற்கு முன்பே பூசிவிடுவது சுலபம்.

ஈர மரத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் மரம் காய்ந்திருக்கும்போது, கதவின் மேல் நிழல் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பூச வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கதவின் மேல் நீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் மறுபூச்சுக்கு வேளை வந்துவிட்டது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓட்டு எண்ணெய் கிடைக்கும். கேரளக் கரையில் மர வள்ளங்களுக்குப் பூசி வந்த சரக்கு அது. கறுப்பாகும், காய நாளாகும். ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலைக் கொட்டகைக் காலில் பூசுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. காசு செலவில்லை என்பது சரிதான். அது மரத்தில் காய்ந்து இறுகுவதில்லை. மழையில் கழுவிக்கொண்டு மண்ணில் இறங்கும். அதில் கரியும் என்ஜின் தேய்ந்த உலோகத் தூளும் இருக்கின்றன. கட்டிப்போட்ட கன்று எதை நக்கும் என்று யாருக்குத் தெரியாது? கன்றின் வாய் எட்டும் உயரத்துக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம், உலர்த்தி மருந்து கலந்தது அது.

மண்ணில் புதைந்த காலைக் கறையானிடமிருந்து காப்பாற்ற எண்ணெயால் ஆகாது. அதற்குக் கல்லுக்கால்தான், அல்லது தரைக்கு மேல் கல் வைத்து அதன் மேல் மரத்தை நிறுத்த வேண்டும். மருந்தேற்றிய பழைய கம்பத்தை ஏலத்தில் எடுத்து நடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசன் கண்ட 'ஆஸ்கு' மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது. அந்த மருந்து ஏறிய கட்டையை அடுப்பில் வைக்கக் கூடாது, சாம்பலை வயலில் போடவும் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது அதில் சூடு பிறந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்கி, வைக்கோல் போருக்கு எட்டத்தில் வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.