முள்ளுக் கத்தரி வாழட்டும்!

ஆம்பூரில் பிரியாணி வாங்கினால் கூடவே கத்தரிக்காயும் வரும். புளிப்பும் காரமுமான அந்தத் தொடுகறி இல்லாமல் பிரியாணிக்கு நிறைவே இல்லை.

அந்த வட்டாரத்தில் கத்தரிக்குப் பேர்போன ஊர் இலவம்பாடி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே விளையும் கத்தரிக்குத் தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள். கைக்கு முள், நாக்குக்கு ருசி!

2023-ல் வேலூர் முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறு ஊர்க் காயை இந்தப் பெயரில் விற்கக் கூடாது. நல்ல செய்திதான். ஆனால் சட்டம் பெயரைத்தான் காக்கும். விதையைக் காக்க வேண்டியவர்கள் மக்களே.

முள் குத்துகிறது என்று கலப்பின விதைக்கு மாறுவது எளிது. ஆனால் கலப்பினக் காயின் விதையை மறுபடி போட்டால் அதே குணம் வராது. ஆண்டுதோறும் காசு கொடுத்து விதை வாங்க வேண்டும். நாட்டு விதையை வீட்டிலேயே எடுக்கலாம்.

எப்படி? நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் வண்டுகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆகவே பூ மலரும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூட வேண்டும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காய்க்கு அடையாளம் கட்ட வேண்டும். அது மஞ்சளாகப் பழுக்கும்வரை பறிக்கக் கூடாது. பிறகு தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும். அதை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்கலாம்.

நாற்று ஒரு மாதத்தில் தயார். செடிக்குச் செடி இரண்டடி விட்டு நட வேண்டும். வாடித் தொங்கும் குருத்தில் புழு இருக்கும். கிள்ளி அழித்துவிட வேண்டும்.

விதை மட்டும் போதாது. நீரும் நன்றாக இருக்க வேண்டும். தோல் தொழிற்சாலைகளின் சுத்திகரிக்காத கழிவுநீர் பாலாற்றுப் பகுதி வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. கிணற்று நீரின் உப்பைப் பரிசோதித்து நடுவது நல்லது. கழிவு கலக்காமல் பார்ப்பது ஆலைகளின் கடமை. கண்காணிப்பது அரசின் கடமை.

ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பமானாலும், கொல்லையில் இரண்டு செடிக்கு இடம் இருக்கும். ஒரு காயைப் பழுக்க விட்டால் போதும்; அடுத்த ஆண்டுக்கும் விதை உண்டு. வீட்டுக்கு வீடு அந்த ஒரு காய் பழுக்கட்டும்!