உரிமம் கேட்ட பெர்னேஸ்

1929-இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டும் கையுமாக நடக்கவைத்து, அதை ‘விடுதலைச் சுடர்’ என்று பரப்பவும் செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். பணம் கொடுத்தது புகையிலைக் கம்பெனி. அதே மனிதர் முதுமையில், வக்கீல்களைப் போல மக்கள் தொடர்புக்காரர்களுக்கும் அரசு உரிமம் வேண்டும் என்று வாதாடினார். (பூட்டின் அருமை யாருக்குத் தெரியும்!) 1995-இல், 103 வயதில் இறக்கும்வரை அது நடக்கவில்லை. அமெரிக்காவில் இன்றும் இருப்பது 1964-இல் தொடங்கிய ஏ.பி.ஆர். என்னும் விருப்பத் தேர்வுதான். தேறினால் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து. தேறாவிட்டாலும் கடை திறக்கலாம். நைஜீரியாவும் பிரேசிலும் சட்டமே போட்டிருக்கின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. யார் பேசலாம் என்பதை அரசு முடிவுசெய்யும் ஏற்பாடு எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா? ஆனால் வெறும் சான்றிதழும் போதாது. பிரிட்டனின் பெல் பாட்டிஞ்சர் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் குப்தா என்னும் தொழிலதிபர் குடும்பத்தின் கம்பெனிக்காக இனப்பகையைக் கிளறும் பிரசாரம் செய்தது. அந்நாட்டு எதிர்க்கட்சி ஒன்று லண்டனிலுள்ள மக்கள் தொடர்புத் துறைச் சங்கத்திடம் புகார் கொடுத்தது. 2017 செப்டம்பரில் சங்கம் அந்நிறுவனத்தை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் விலகி ஓட, அதே மாதத்தில் நிறுவனம் நொடித்துப்போனது. எந்த உரிமமும் ரத்தாகவில்லை. வெளியாள் ஒருவர் புகார் கொடுக்க வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான். நம் ஊர்ச் சங்கங்கள் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன் அந்த வாசலை வைக்கட்டும்.