"சார், கூலிங் இருக்கா?"

பிறந்ததும் அழவில்லை. 5 நிமிடம் கடந்தும் அம்பு பேக் கையை விட்டு இறங்கவில்லை. சில மணி நேரத்தில் வலிப்பு. நள்ளிரவில் அந்தக் குழந்தையை ஆம்புலன்சில் ஏற்றும் மருத்துவர் நம்மிடம் முதலில் கேட்பது, "சார், கூலிங் இருக்கா?"

கேள்வியில் தவறில்லை. ஆக்சிஜன் தடைபட்ட மூளையில் சேதம் இரண்டு அலைகளாக வருகிறது. முதல் அலை ஓய்ந்து செல்களின் ஆற்றல் மீண்டது போலத் தெரியும். சில மணி நேரத்தில் மறுபடி சரியும். அந்த இடைவெளிக்குள், அதாவது பிறந்து 6 மணி நேரத்துக்குள், உடலை 33.5 டிகிரிக்குக் கொண்டுபோய் 72 மணி நேரம் அங்கேயே நிறுத்துவதுதான் கூலிங் சிகிச்சை. 2013இல் வந்த காக்ரேன் தொகுப்பு 11 ஆய்வுகளையும் 1,505 குழந்தைகளையும் கணக்கில் எடுத்தது. 7 குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தை மரணத்திலிருந்தோ பெரும் ஊனத்திலிருந்தோ தப்பும் என்றது.

பிறகு 2021இல், அதே சிகிச்சையைச் சோதித்த ஹெலிக்ஸ் ஆய்வு வெளியானது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகள். சென்னையும் அதில் உண்டு. மரணமோ ஊனமோ குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். மரணத்தை மட்டும் பார்த்தால் 42க்கு 31. மலிவுக் கருவி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கருவியைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஏன் இப்படி? ஆய்வின் தேர்வுமுறையையும் செயற்கை சுவாச வசதியையும் பற்றி நம்மவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். எனக்குப் படுவது இது: நம் குழந்தைகளில் பலருக்கு மூளைக் காயம் ஒரே அடியில் விழுவதில்லை. நெடிய பிரசவ வலியில், கண்காணிப்பில்லாத ஆக்சிடோசின் சொட்டில், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல நேர்கிறது. பிறக்கும்போதே அந்த இடைவெளி மூடியிருந்தால் கருவி என்ன செய்யும்?

தேர்ந்த செவிலியரும் செயற்கை சுவாசமும் மூளை அலைப் பதிவும் தொடர் பரிசோதனையும் இல்லாத இடத்தில் குளிர்விக்கும் தொட்டிலை வாங்கி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே குளிர்விக்க வேண்டாம், சூடேறவும் விடவேண்டாம். அமெரிக்க ஆய்வொன்றில் குளிர்விக்கப்படாத குழந்தைகளின் உச்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போதெல்லாம் மரணம் அல்லது ஊனத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கானது. காய்ச்சல் காரணமா, காயத்தின் விளைவா என்பது வேறு விஷயம். வார்மரைக் கைமுறையில் வைத்துவிட்டு மறந்துபோவதற்கு அது சாக்கு ஆகாது. வார்மரை அணைத்துவிட்டால் "குளிர்வித்தாயிற்று" என்பதும் அதே அளவு ஆபத்து. மலக்குடல் வெப்பமானி இல்லாமல் குழந்தை 32க்குக் கீழே இறங்கினாலும் யாருக்கும் தெரியாது. சர்க்கரை குறையாமல் பாருங்கள். பேகை வேகமாக அழுத்திக் கரியமில வாயுவை விரட்டாதீர்கள்; அது மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

மகப்பேறு மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழாத குழந்தையை அனுப்பும் கடிதத்தில் 'பர்த் அஸ்பிக்ஸியா' என்று மட்டும் எழுதாதீர்கள். ஆக்சிடோசின் எப்போது தொடங்கியது, இதயத்துடிப்பைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள், கிளம்பும்போது குழந்தையின் வெப்பநிலையும் சர்க்கரையும் எவ்வளவு என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள்.